காலடியில் ஒரு சமநிலை

டிஜிட்டல் கிட்டார் ப்ராசஸரில் நல்ல டோன் அமைப்பது பாதி வேலைதான். சேமித்து வைத்த ஒரு டோன் அமைப்பிலிருந்து, அதாவது ஒரு பேட்சிலிருந்து, இன்னொன்றுக்குக் காலால் மாற்றும்போது சத்தம் துள்ளாமலும் அமுங்காமலும் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. கேட்பவர் கவனிக்காமலே ரசிக்கும் நுட்பம் இது.

க்ளீன் டோனில் தந்தியை மீட்டியதும் ஒலி உச்சம் தொட்டு உடனே இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் அந்த உச்சத்தை நசுக்கி, ஒலியை நீளமாக நிறுத்தும். அதனால் மீட்டரில் இரண்டின் உச்சமும் ஒன்றாகவே இருந்தாலும், டிஸ்டார்ஷன்தான் காதுக்குப் பெரிதாகக் கேட்கும். தீர்ப்பு சொல்ல வேண்டியது காது.

கெயினைத் தொட்டால் டோனின் குணமே மாறும். அளவைத் திருத்த, எஃபெக்ட் வரிசையின் கடைசியில் உள்ள லெவலே ஏற்றது. முதலில் க்ளீனை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணையாக்குங்கள். சோலோவுக்கு மட்டும் 3 டெசிபல் கூட்டி, மிட் பகுதியைச் சற்று உயர்த்தினால், டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே அது தெளிவாக எழும்.

சத்தம் குறைந்தால் தாழ்ந்த சுரங்கள் காதில் இன்னும் அதிகமாக மங்கும் என்பதை ஃப்ளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டினார்கள். ஆகவே வீட்டில் மெல்லிய சத்தத்தில் செய்த சமனை நம்பி மேடையேறாதீர்கள். குழுவோடு வாசிக்கும் அதே சத்தத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.