ஒரே ஷாட்டில் 172 பேர்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருக்கும் கியூபெக் பல்கலைக்கழகத்தை அந்த ஊரில் ‘யூகாம்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். 1969-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகம் அது. அதன் தொடர்பியல் மாணவர்கள் 172 பேர் 2009 செப்டம்பர் 10 அன்று ஒரு வீடியோ எடுத்தார்கள். பாட்டு அவர்களுடையது இல்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த, பிளாக் ஐட் பீஸ் குழுவின் ‘ஐ காட்டா ஃபீலிங்’ பாட்டு. கேமரா கட்டடத்துக்குள் நடந்துகொண்டே போக, எதிர்ப்படுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாயசைக்கிறார்கள். ஓர் இடத்தில்கூட கட் கிடையாது. இரண்டே கால் மணி நேரத்தில் படப்பிடிப்பு முடிந்ததாக அப்போது செய்திகள் சொல்லின. புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்கும் வாரத்தில் விளையாட்டாக எடுத்த வீடியோ உலகம் சுற்றிவந்தது.

‘மாணவர்கள்தானே, பரவாயில்லை’ என்ற சலுகையை எடுத்துவிட்டுப் பார்த்தால் இந்த வீடியோ எங்கே நிற்கும்? தான் சேர்ந்த வகைமையின் மரபுகளை அது எப்படிக் கையாண்டிருக்கிறது?

இப்படி எடைபோடுவதற்கு வகுப்பறையிலேயே ஒரு வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் ஏ லெவல் ஊடகவியல் படித்த மாணவர்கள் பல ஆண்டுகள் ஒரு மியூசிக் வீடியோவை எடுத்து, அது வகைமையின் மரபுகளைப் பின்பற்றுகிறதா, வளர்க்கிறதா, மீறுகிறதா என்று தாங்களே மதிப்பீடும் எழுதினார்கள். மரபுப் பட்டியலுக்கு அவர்கள் பெரும்பாலும் போனது மியூசிக் வீடியோ பற்றி ஆண்ட்ரூ குட்வின் 1992-ல் எழுதிய நூலுக்கு. இசை வகைக்கேற்ற காட்சிகள், வரிகளோடும் இசையோடும் காட்சிக்குள்ள உறவு, கலைஞரின் முகத்தை நெருக்கத்தில் காட்டச் சொல்லும் இசை நிறுவனத்தின் தேவை, பார்வையின் அரசியல், பிற படைப்புகளைச் சுட்டுதல் என்று அந்தப் பட்டியல் போகும். பட்டியல் நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு டிக் போட்டுக்கொண்டு போனால் மோசமான வீடியோவும் தேறிவிடும். ஒரு மரபு இருக்கிறதா என்பதோடு, இருந்து என்ன வேலை செய்கிறது என்றும் கேட்டால்தான் அது திறனாய்வு.

முதலில் வகைமை. வேறொருவர் பாட்டுக்கு வாயசைத்து எடுக்கும் இத்தகைய வீடியோவுக்கு ‘லிப்டப்’ என்று பெயர். அந்தப் பெயரை 2006-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் விமியோ என்ற வீடியோ தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜேக்கப் லாட்விக். 2007-ல் நியூயார்க்கில் அவருடைய நிறுவன ஊழியர்கள் அலுவலகத்துக்குள்ளேயே ‘ஃபிளாக்போல் சிட்டா’ பாட்டுக்கு வாயசைத்து எடுத்த வீடியோ இந்த வகைக்கு முன்மாதிரி ஆனது. 2008-ல் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் மாணவர்கள் இதைப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஷாட், நகரும் கேமரா, சொந்த இடம், கைமாறும் வாயசைப்பு, பின்னால் ஒட்டப்படும் அசல் ஒலித்தடம், ஒத்திகை பார்த்ததை மறைக்கும் உற்சாகம் என்று மரபுகள் மூன்றே ஆண்டுகளில் இறுகிவிட்டன. யூகாம் மாணவர்களுக்கு இவை எல்லாமே ஆயத்தமாகக் கிடைத்தன. ஆகவே புதுமைக்காக அவர்களுக்கு மதிப்பெண் போட முடியாது. செய்திறனைத்தான் பார்க்க வேண்டும்.

செய்திறனில் முதல் சோதனை வெட்டு இல்லாமை. மியூசிக் வீடியோ வெட்டுகளால் வாழ்கிற வடிவம். தாளத்தைக் கண்ணுக்குக் காட்டும் எளிய வழி எடிட்டிங். அதைத் துறந்து வென்றவர்களும் உண்டு. மாஸிவ் அட்டாக் குழுவின் ‘அன்ஃபினிஷ்டு சிம்பதி’ 1991-ல் லாஸ் ஏஞ்சலிஸ் தெருவொன்றில் ஒரே ஷாட்டாக நடந்தது. பாடகி ஃபைஸ்டின் ‘1234’ 2007-ல் நடனக் கூட்டத்தை ஒரே ஷாட்டில் விரித்து மடக்கியது. வெட்டைக் கைவிட்டவர் தாளத்தைச் சட்டகத்துக்குள்ளேயே உண்டாக்கியாக வேண்டும். யூகாம் மாணவர்கள் அதைக் கட்டடத்தைக் கொண்டு செய்கிறார்கள். ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு கதவும் ஒரு வெட்டின் வேலையைச் செய்கிறது. மூலை திரும்பினால் புது முகம், புது உடை, புது வரி. படிக்கட்டு வரும்போது கேமராவின் மட்டம் மாறுகிறது. அதுவே கோணம் மாறியதுபோல் ஆகிவிடுகிறது.

பாட்டைத் தேர்ந்த விதத்திலும் கணக்கு இருக்கிறது. அதன் வேகம் நிமிடத்துக்கு 128 அடிப்புகள். விறுவிறுப்பாக நடக்கிற ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி வைப்பார். கேமராக்காரரின் நடையும் தாளமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகின்றன. பாட்டு எடுத்த எடுப்பில் முழுத் தாளத்தையும் இறக்குவதில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி எதிர்பார்ப்பைக் கூட்டுகிறது. வீடியோவும் தொடக்கத்தில் கூட்டத்தைக் காட்டிவிடாமல் சிலராகத் தொடங்கி, பலராகி, கடைசியில் திறந்த கூடத்தில் மொத்தப் பேரும் குதிக்கும் காட்சிக்கு வருகிறது. இசை ஏறும் படிகளில் காட்சியும் ஏறுகிறது. குட்வின் சொல்லும் இசைக்கும் காட்சிக்குமான உறவு இங்கே வீடியோவின் எலும்புக்கூடாகவே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பாட்டுக்காகவே யோசித்த வீடியோ என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அடுத்து வாயசைப்பு. நடந்துபோகும் ஷாட்டில் இது எளிதில்லை. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் பயணம் செய்கிறது. ஒலிபெருக்கி 30 மீட்டர் தள்ளியிருந்தால் நடிப்பவர் காதுக்குப் பாட்டு கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாகவே வரும். திரையில் அது இரண்டு மூன்று பிரேம் பிசகு; பயிற்சி இல்லாத கண்ணுக்கும் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றிவிடும். லிப்டப் எடுப்பவர்கள் பொதுவாக ஒலிபெருக்கியைக் கேமராவோடு சேர்த்தே தூக்கிக்கொண்டு போவது இதனால்தான். ஷாட்டின் நான்காவது நிமிடத்தில் ஒருவர் ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து வர வேண்டும். அஞ்சலோட்டக் கோல் கைமாறுவதுபோல் வரி கைமாறும் இந்த அமைப்பில் யூகாம் குழு தடுமாறவில்லை. முகங்களில் ஒத்திகையின் இறுக்கமும் தெரியவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அரிது.

வாயசைப்பைப் பற்றித் தமிழ்ப் பார்வையாளர் சொல்ல ஒன்று இருக்கிறது. பின்னணிப் பாடலோடு வளர்ந்த நமக்கு ஒருவர் குரலுக்கு இன்னொருவர் வாயசைப்பது வேடிக்கையே இல்லை. ஆனால் நம் சினிமாவில் நட்சத்திரத்தின் முகத்துக்குப் பாடகரின் குரல் வந்து சேரும். லிப்டப்பில் நட்சத்திரத்தின் குரல் முகம் தெரியாத மாணவருக்கு வருகிறது. குட்வின் பட்டியலில் வணிகத்தோடு மிகவும் ஒட்டிய மரபான கலைஞரின் நெருக்கக் காட்சி இங்கேதான் உடைகிறது. பாட்டு ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 172 பேருக்குப் பகிர்ந்தால் சராசரியாக ஆளுக்கு இரண்டு விநாடிகூட வராது. இவர்தான் நாயகர் என்று கண் முடிவுசெய்யும் முன்பே கேமரா அடுத்தவருக்குப் போய்விடுகிறது. நட்சத்திரத்தை உருவாக்கவே பிறந்த வடிவத்தை நட்சத்திரம் இல்லாமல் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மரபை மீறுவது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வரிகளோடு காட்சிக்குள்ள உறவை குட்வின் மூன்றாகப் பிரித்தார்: சொன்னதையே காட்டுவது, சொன்னதற்கு மேல் ஒன்று சேர்ப்பது, சொன்னதோடு முரண்படுவது. பிளாக் ஐட் பீஸின் அசல் வீடியோ முதல் வகை. பாட்டு இரவுக் கொண்டாட்டத்தைச் சொல்கிறது. அவர்களும் உடுத்திக்கொண்டு இரவு விருந்துக்குப் போகிறார்கள். யூகாம் வீடியோவைப் பலரும் இதே வகையில் சேர்த்துவிடுவார்கள். கவனித்துப் பார்த்தால் அப்படியில்லை. பாட்டு சொல்வது இரவு, வீட்டைவிட்டு வெளியே போவது, காசைச் செலவழிப்பது. வீடியோவில் இருப்பதோ பாடம் நடக்கும் கட்டடம், தாழ்வாரம், வேடப் பெட்டியிலிருந்து எடுத்த வேடிக்கை உடைகள். காசு கொடுத்து வாங்கும் கேளிக்கையைக் கூடிச் செய்யும் கேளிக்கையாக மாற்றியிருக்கிறார்கள். இது இரண்டாம் வகை. அவர்கள் திட்டமிட்டு இந்தப் பொருளைச் சேர்த்தார்களா என்பது வேறு கேள்வி; திரையில் அது இருக்கிறது.

இனிக் குறைகள். முதல் குறை, இடம். லிப்டப்பின் மரபு ‘இது எங்கள் இடம்’ என்று சொல்வது. யூகாம் வீடியோவில் கட்டடம் ஓடுபாதையாகப் பயன்படுகிறதே தவிர, இடமாகப் பயன்படவில்லை. எந்த அறையில் என்ன நடக்கும், இந்தத் துறை மாணவர் அங்கே என்ன செய்வார் என்பதற்குப் படத்தில் வேலையே இல்லை. இதே தாழ்வாரங்களை ஒரு வணிக வளாகத்தில் அமைத்திருந்தாலும் வீடியோ பெரிதாக மாறியிருக்காது. உடைகளுக்கும் இதே குறைதான். வண்ணம் தருகின்றன, பொருள் தருவதில்லை.

இரண்டாவது, மொழி. கியூபெக்கில் பிரெஞ்சு வெறும் வீட்டுமொழி இல்லை. 1977-ல் தனிச் சட்டம் இயற்றிக் காத்துவரும் மொழி. அந்த மாகாணத்தின் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படிப்பவர்கள் தங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தும்போது வாயில் இருப்பது அமெரிக்க ஆங்கிலம். இதைத் துரோகம் என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. உலகறிந்த பாட்டை எடுப்பது லிப்டப்பின் மரபு. இந்த வீடியோ எல்லை தாண்டியதற்கு அதுவும் காரணம். ஆனால் அயல்மொழி வாயில் அமர்வதன் விசித்திரத்தை ஒரு சின்ன நகைச்சுவையாகக்கூட அவர்கள் தொடவில்லை. மற்ற மரபுகளிடம் வேலை வாங்கியவர்கள் இந்த ஒன்றை யோசிக்காமலே ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது குறைதான் பெரியது: இந்த வீடியோவின் கொண்டாட்டத்துக்குக் காரணம் எதுவும் இல்லை. ஒப்பிட ஒன்றைச் சொல்கிறேன். 2011-ல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தார் ஆயிரக்கணக்கில் கூடி ‘அமெரிக்கன் பை’ பாட்டுக்கு லிப்டப் எடுத்தார்கள். நியூஸ்வீக்கின் இணையதளம் அவர்கள் ஊரைச் சாகும் நகரங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. மரணத்தை நினைக்கும் பாட்டை உயிரோடிருக்கும் ஊர் உற்சாகமாகப் பாடிக்காட்டியது. குட்வினின் மூன்றாம் வகை. திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அதைத் தலைசிறந்த மியூசிக் வீடியோ என்று பாராட்டினார். அது மாணவர் வேலை இல்லை. பணமும் ஊரும் பின்னால் இருந்தன. ஆனாலும் கொண்டாட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தால் லிப்டப் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது அளவுகோல். யூகாம் மாணவர்களுடையது காரணமில்லாத மகிழ்ச்சி. அது குற்றமில்லை, ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது வீடியோவின் கனத்தைக் குறைக்கிறது.

மாணவர்களோடு மாணவர்களை ஒப்பிடலாமே என்றால், அதே 2009-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஷோர்வுட் உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. பக்கத்துப் பள்ளியான ஷோர்கிரெஸ்ட் ஒரு லிப்டப் எடுத்துச் சவால்விட, இவர்கள் ஹால் அண்ட் ஓட்ஸின் ‘யூ மேக் மை ட்ரீம்ஸ்’ பாட்டைப் பின்னிருந்து முன்னாக வாயசைத்து, முழு வீடியோவையும் தலைகீழாக ஓட்டினார்கள். வகைமை என்பது திரும்பச் செய்தலும் வேறுபடுதலும் சேர்ந்தது என்று திரைப்பட ஆய்வாளர் ஸ்டீவ் நீல் 1980-ல் எழுதினார். அந்த ‘வேறுபடுதல்’ ஷோர்வுட்டிடம்தான் அதிகம். உழைப்பும் அவர்களுடையதே அதிகம். ஆனால் தலைகீழாக ஓட்டுவதற்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன தொடர்பு? கோல்ட்பிளேயின் ‘தி சயன்டிஸ்ட்’ 2002-ல் இதே உத்தியைக் கையாண்டபோது, தொடக்கத்துக்கே திரும்பிவிட ஏங்கும் பாட்டுக்கு அது பொருளாகவே இருந்தது. ஷோர்வுட்டில் அது வித்தை. வியக்கலாம், ஆனால் பாட்டைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. யூகாமின் எளிய உத்தி பாட்டின் ஏற்றத்தோடு பிணைந்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. லிப்டப் என்ற அளவில் யூகாம் வீடியோ முதல் வகுப்பு. மாணவர்கள் என்ற சலுகை அதற்குத் தேவையில்லை. வெட்டில்லாத தாளம், இசைக்கேற்ற கட்டமைப்பு, நட்சத்திரத்தைக் கலைத்த பகிர்வு ஆகிய மூன்றிலும் தொழில்முறை இயக்குநர்களோடு நிற்கிறது. ஒரு பாட்டுக்கான விளக்கம் என்ற அளவில் நடுத்தரம். இடத்தையும் மொழியையும் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் விட்டது. ஷோர்வுட்டைவிட ஒரு படி மேலே, கிராண்ட் ராப்பிட்ஸைவிட ஒரு படி கீழே வைப்பேன்.

விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் மாணவர்கள் யாராவது அடுத்த வாரம் கேமராவைத் தூக்கப்போகிறார்கள் என்றால் ஒரு வேண்டுகோள்: வகைமையின் மரபுகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது என் பாட்டுக்கு என்ன செய்கிறது’ என்று ஒரு வரி எழுதுங்கள். வரி எழுத வராத மரபை ஷாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.