பன்னிரண்டு குடம் தண்ணீரும் என் முதுகும்

இன்று காலை வாசலில் கிடந்த பேப்பரை நானே குனிந்து எடுத்தேன். நான்கு வருஷமாகக் கட்டில் விளிம்பைப் பிடித்து, ஒருக்களித்து, மூச்சை அடக்கி எழுந்தவன் நான். கண் கலங்கிவிட்டது!

என் முதுகுவலியைத் தணித்த வாட்டர் பெட் அப்பாவுக்காக வாங்கியது. படுத்த படுக்கையானவருக்குப் புண் வராமலிருக்க சர்ஜிகல் கடையில் வாங்கினோம். அவர் போன பிறகு பரணில் கிடந்தது. ‘முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து’ என்று ஊரே சொல்ல, பாயில் படுத்து இன்னும் நொந்துபோனேன். “அதை இறக்கித்தான் பாருங்களேன்” என்றாள் மனைவி.

கட்டிலில் விரித்து, புனல் வைத்துக் குடம் குடமாக ஊற்றினோம். முதல் நாள் ஆசையில் அதிகம் ஊற்றிவிட, மத்தளம் போல விறைத்துக்கொண்டது. இரண்டு குடம் வெளியே எடுத்தோம். பன்னிரண்டு குடத்தில் பதம் வந்தது. படுத்தால் உடம்பு அமிழ வேண்டும். கட்டில் பலகை மட்டும் இடிக்கக் கூடாது. உள்ளே தங்கிய காற்றையும் அழுத்தி வெளியேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புரளும்போதெல்லாம் களக் களக் என்று சத்தம்.

பாயில் படுத்தால் என் இடுப்புக்கடியில் ஒரு கை தாராளமாக நுழையும். ராத்திரி முழுக்க அந்த வளைவுதான் அந்தரத்தில் நின்று வலித்தது. தண்ணீர் அந்தக் குழிக்குள் தானாக வந்து நிரம்பி, ஏந்திக்கொண்டது. அடடா, அந்த நிமிஷம்! “ஆத்துல மிதக்கற மாதிரி இருக்குடா” என்று அப்பா சொன்னது அப்போதுதான் புரிந்தது.

1832-இல் நீல் ஆர்னட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தண்ணீர்ப் படுக்கை செய்ததும் படுக்கைப் புண் நோயாளிகளுக்காகத்தான். 2008-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 160 பேரை மூன்று வகை மெத்தைகளில் ஒரு மாதம் படுக்க வைத்தார்கள். கெட்டி மெத்தையைவிடத் தண்ணீர் மெத்தையும் உடம்புக்கேற்ப வளையும் ஃபோம் மெத்தையும் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது. வித்தியாசம் சிறிதுதானாம். என் முதுகைக் கேட்டால் மலையளவு என்று சொல்லும்!

மார்கழியில் மட்டும் தண்ணீர் சில்லிட்டுப்போகும். மேலே ஒரு கம்பளியை விரித்து, அதன்மேல் பருத்திப் போர்வை போட்டுக்கொள்ளுங்கள்.