பாட்டன்: அறைந்த கையும் அறை வாங்கிய கன்னமும்

'பாட்டன்' (1970) படம் பற்றிப் பேச்சு வந்தால் தவறாமல் வந்து விழுகிற வார்த்தை 'சமநிலை'. போரை வெறுக்கிறவனும் பார்க்கலாம், போரைக் கும்பிடுகிறவனும் பார்க்கலாம்; இரண்டு பேருமே தனக்குச் சாதகமான படம்னு நினைத்துக்கொண்டு வெளியே வரலாம். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு பக்கம் ஊர்வலம், இன்னொரு பக்கம் சவப்பெட்டி என்றிருந்த அமெரிக்காவில் இது பெரிய சாமர்த்தியம்தான். எனக்கு அந்தச் சாமர்த்தியத்தின் மேல்தான் சந்தேகம். யாருடைய வலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இந்தச் சமநிலை வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

படம் நன்றாக எடுக்கப்பட்டிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஃபிராங்க்ளின் ஷாஃப்னரின் இயக்கம், கப்போலாவும் எட்மண்ட் நார்த்தும் எழுதிய திரைக்கதை, ஜார்ஜ் சி. ஸ்காட்டின் நடிப்பு, எதிரொலிக்கிற எக்காளங்களை வைத்து ஜெரி கோல்ட்ஸ்மித் போட்ட இசை, எல்லாம் சரி. ஏழு ஆஸ்கார் வாங்கியது. ஸ்காட் தன்னுடையதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று.

தொடக்கக் காட்சிக்கு வருகிறேன். திரை முழுக்க அமெரிக்கக் கொடி. அதன் முன்னால் பதக்கங்களோடு ஒரு மனிதன் வந்து நின்று ஏறக்குறைய ஆறு நிமிஷம் பேசுகிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் சிப்பாய்களை காமிரா ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை. அவர்கள் இடத்தில் நம்மை உட்காரவைத்துவிடுகிறது படம். 1944இல் இங்கிலாந்தில் மூன்றாம் ராணுவத்துக்கு ஜார்ஜ் பாட்டன் ஆற்றிய உரைகளிலிருந்து சமைத்த பேச்சு இது. ஆனால் உடுப்பில் நான்கு நட்சத்திரங்கள். நான்காவது நட்சத்திரம் அவருக்குக் கிடைத்ததோ 1945 ஏப்ரலில். அடுத்த காட்சியே 1943, துனிசியா. ஆக இந்தப் பேச்சு எந்தத் தேதியிலும் நிற்கவில்லை. காலத்துக்கு வெளியே, சாமி வாக்கு மாதிரி நிற்கிறது.

அசல் உரைகளில் இருந்த கெட்ட வார்த்தைகளைக் குறைத்தது பற்றி எனக்கு அக்கறையில்லை. வெட்டப்பட்ட இன்னொன்று முக்கியம். லாரி ஓட்டுகிறவனைப் பற்றி, துனிசியாவில் குண்டு மழைக்கு நடுவே கம்பத்தின் மேல் ஏறி ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவனைப் பற்றியெல்லாம் அவர் பேசியிருக்கிறார். படத்தில் அந்தப் பகுதி கிடையாது. வேலை செய்கிற கைகள் போய்விட்டன. பேசுகிற வாய் மட்டும் மிச்சம்.

அந்த வாய் என்ன செய்யும் என்பதற்கு 1943 ஜூலையில் ஒரு சாட்சி இருக்கிறது. சிசிலியில் பிஸ்காரி விமானதளத்தின் பக்கம் 45ஆவது டிவிஷன் ஆட்கள் இரண்டு சம்பவங்களில் 70க்கும் மேற்பட்ட கைதிகளைச் சுட்டுக்கொன்றார்கள். பெரும்பாலும் இத்தாலியர்கள், ஆயுதத்தைக் கீழே போட்டவர்கள். ராணுவ நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு சொன்ன வாதம், தாக்குதலுக்கு முன் பாட்டன் ஆற்றிய உரையைத்தான் நாங்கள் உத்தரவாக எடுத்துக்கொண்டோம் என்பது. செத்தவர்கள் ஒளிந்திருந்து சுட்டவர்கள், இல்லாவிட்டால் தப்பியோடப் பார்த்தவர்கள் என்று எழுதிவிடுங்கள் என்று தான் சொன்னதைப் பாட்டனே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்து நாட்குறிப்பு அச்சில் வந்தது 1974இல். எனவே படம் எடுத்தவர்கள் மறைத்தார்கள் என்று வழக்குப் போட நான் வரவில்லை. இன்றைக்கு இதைத் தெரிந்துகொண்டு அந்த ஆறு நிமிஷத்தைப் பார்க்கிறவனுக்கு மயிர்க்கூச்செறிதல் எப்படி வரும்? வருகிறது, அதுதான் பிரச்சினை. எனக்கும் வருகிறது.

படம் காட்டுகிற குற்றம் வேறு: அறை. 'சர்ச்சைக்குரிய தளபதி' என்கிற பட்டமே அதிலிருந்து கிளம்பியதுதான். 1943 ஆகஸ்ட் 3, ஆகஸ்ட் 10 என்று இரண்டு ஆஸ்பத்திரிகளில் இரண்டு சிப்பாய்களை அறைந்தார். படத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இரண்டு முறை நடந்தால் பழக்கம், ஒரு முறை நடந்தால் கோபம். முதலில் அடிபட்டவனுக்கு மலேரியா இருந்தது பிறகு தெரிந்தது. படத்தில் மலேரியா இல்லை, வெறும் நரம்புத் தளர்ச்சிதான். காய்ச்சல் உள்ளவனை அடித்தான் என்றால் பார்வையாளன் ஜெனரலோடு நிற்கமாட்டான். அழுகிறவனை அடித்தான் என்றால் கொஞ்சம் நிற்பான். அடிப்பதற்குச் சற்று முன்புதான் உடம்பெல்லாம் கட்டுப்போட்ட ஒருவன் பக்கத்தில் மண்டியிட்டுப் பதக்கம் வைக்கிறார் பாட்டன். ரத்தம் தெரிகிற உடல் புனிதம், தெரியாத உடல் அசிங்கம் என்று காமிரா நமக்குப் பாடம் எடுத்து முடித்த பிறகே கை ஓங்குகிறது. அப்புறம் மன்னிப்புக் கேட்கிற காட்சி. அங்கே அவமானப்படுகிறவர் ஜெனரல். அறை வாங்கியவன் என்ன ஆனான் என்று படம் விசாரிப்பதேயில்லை.

இங்கே யாரும் கவனிக்காத ஒரு ஆள் இருக்கிறார். பாட்டனுக்கு உடுப்பு மாட்டிவிடுகிற கறுப்பினப் பணியாள், சார்ஜண்ட் மீக்ஸ். நடித்தவர் ஜேம்ஸ் எட்வர்ட்ஸ். 1949இல் வந்த 'ஹோம் ஆஃப் தி பிரேவ்' படத்தின் நாயகன் இவர். அதில் அவர் போர் அதிர்ச்சியாலும் நிறவெறியாலும் கால் செயலிழந்துபோன சிப்பாய். உடம்பில் காயமில்லை, ஆனால் நடக்க முடியவில்லை. பாட்டன் அறைகிற அதே வகை சிப்பாய்! அந்த நோயாளியை மையத்தில் வைத்து ஹாலிவுட் ஒரு படம் எடுத்திருக்கிறது. 21 வருஷம் கழித்து அதே நடிகர், அந்த நோயாளியை அடிக்கிற ஜெனரலுக்குப் பணிவிடை செய்துகொண்டு நிற்கிறார். 1970 ஜனவரியில், படம் வெளிவருவதற்கு முன்பே, இறந்துபோனார். மூன்றாம் ராணுவத்தில் பாட்டனின் கீழ் 1944 நவம்பரிலிருந்து சண்டை போட்ட 761ஆவது டாங்கிப் பட்டாளம் முழுக்கக் கறுப்பினச் சிப்பாய்கள். இதற்கு எந்த ரகசிய நாட்குறிப்பும் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம். படத்தில் ஒரு ஷாட் கிடையாது. டாங்கி ஓட்டியவனை நீக்கிவிட்டு உடுப்பு மாட்டுகிறவனை வைத்துக்கொண்டது.

(டாங்கி என்றதும் ஒன்று. நமக்கு இந்தப் பெயர் வந்து சேர்ந்த வழி வேறு. 1965இல் கேம்கரன் பக்கம் அசல் உத்தாரில் பாகிஸ்தான் விட்டுப்போன பாட்டன் டாங்கிகள் வழியாக. ஸ்பெயினில் படம் பிடித்தபோது ஸ்பானிய ராணுவத்தின் பாட்டன் டாங்கிகளுக்கே ஜெர்மன் வேஷம் கட்டிவிட்டார்கள். அவர் பெயரை வைத்த வண்டியையே அவர் எதிரியாக்கிச் சுடுகிறார்.)

புகழ்ச்சி எந்த வாய் வழியாக வருகிறது என்பதும் பார்க்க வேண்டியது. ஸ்டைகர் என்கிற ஜெர்மன் அதிகாரி பாட்டனைப் படித்துப் படித்து, இவன் இந்த நூற்றாண்டு ஆளே இல்லை, பழைய காலத்து வீரன் என்று வியக்கிறான். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கலிங்கத்துப்பரணியில் சோழனின் வலிமையைக் கலிங்க மன்னனுக்கு எடுத்துச் சொல்கிறவன் அவனுடைய மந்திரி எங்கராயன்தான். எதிரி சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கண்டிக்கிற வாயும் இதே மாதிரிதான். படத்தின் நிதானமான மனிதர் ஒமர் பிராட்லி. அவருடைய நூல் படத்துக்கு ஒரு மூலம், அவரே ஆலோசகர். பாட்டனைக் குறை சொல்வது இன்னொரு ஜெனரல், பாராட்டுவது எதிரி முகாமின் அதிகாரி. மொத்த விவாதமும் அதிகாரிகளின் சாப்பாட்டு மேசைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சமநிலை என்று நம் நண்பர்கள் சொல்வது இந்த மேசையைத்தான்.

அந்த மேசையில் வந்து உட்கார்ந்த ஒரு பார்வையாளர் ரிச்சர்ட் நிக்சன். 1970 வசந்தத்தில் வெள்ளை மாளிகையில் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்; ஏப்ரல் 30 அன்று கம்போடியாவுக்குள் படை போவதை அறிவித்தார். படத்தால்தான் படை போனது என்பது சிறுபிள்ளைத்தனம். ஆனால் அவர் படத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்கிற சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. உத்தரவு போடுகிறவனின் தனிமை, அவன் வேதனை, அவன் மகத்துவம் என்று மூன்று மணி நேரம் சொன்ன பிரதியை, உத்தரவு போடுகிற ஒருவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

கடைசிக் காட்சியில் பாட்டன் நாயைப் பிடித்துக்கொண்டு, காற்றாலை தெரிகிற வெளியில் தனியாக நடந்துபோகிறார். பின்னணியில் அவர் குரல்: ரோமாபுரியில் வெற்றி ஊர்வலம் வரும் தளபதிக்குப் பின்னால் ஒரு அடிமை நின்றுகொண்டு, புகழ் நிலைக்காது என்று காதில் சொல்வானாம். அந்த அடிமையின் வசனத்தையும் படத்தில் ஜெனரலே பேசிவிடுகிறார். மீக்ஸ் அந்தக் காட்சியில் இல்லை.