பாடத்திட்டமும் ஆட்சேபனையும்: ‘துன்பக்கேணி’ நீக்கம் குறித்துச் சில சிந்தனைகள்

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, ‘பொன்னகரம்’ ஆகிய இரு சிறுகதைகளையும் சென்னைப் பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டில் தனது பாடத்திட்டத்திலிருந்து நீக்கிற்று. ‘துன்பக்கேணி’யைப் பொறுத்தவரை, தலித் மக்கள் அதில் சித்திரிக்கப்பட்ட முறைமை பற்றிய ஆட்சேபனையே இந்நீக்கத்தின் பின்னணியில் இருந்தது. 1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த அக்கதை, திருநெல்வேலிச் சீமையின் கிராமமொன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்து சேரும் மருதி என்னும் பெண்ணைப் பற்றியது. ஆதலின், தமிழகத்துப் பாடநூற் பிரச்சினை ஒன்று எனக் கூறி நாம் இதனைக் கடந்து செல்வதற்கில்லை.

உண்மையைக் கூறுவதாயின், இந்நீக்கம் நியாயமானதே என்னும் எண்ணம் முதலில் நமக்கும் இருந்தது. வைதிகர்களின் முறைப்பாடு வேறு. காலங்காலமாக இழிவுபடுத்தப்பட்டோர் சார்பில் எழும் முறைப்பாடு வேறு என்று கருதினோம். கதைசொல்லியின் எள்ளற்குரல் உயர்சாதி வாசகனை மனத்திற்கொண்டே ஒலிக்கின்றது. புதுமைப்பித்தனின் எழுத்துக்களிற் படிந்துள்ள சாதிநோக்கினை அ. மார்க்ஸ் முதலான விமர்சகர்கள் முன்னரே சுட்டிக்காட்டியுள்ளனர். அவர்தம் கருத்துடன் நாம் பெரிதும் உடன்படுகின்றோம். தனது சாதிப்பெயர் வகுப்பறையில் உரத்து வாசிக்கப்படும்போது ஒரு மாணவன் அடையும் கூச்சத்தை அறியாதோரே இவ்வாட்சேபனையை அறியாமை என ஒதுக்குவர்.

எனினும் விமர்சனம் என்பது பிரதியை முன்வைத்தே நிகழவேண்டியது. நீக்கமோ பிரதியோடு அதன்மீதான விமர்சனத்தையும் வகுப்பறைக்கு வெளியே தள்ளிவிடுகின்றது. முடியாட்சியை ஆதரித்த பல்சாக், தமது அரசியற் சார்பினை மீறிப் பிரபுக்களின் வீழ்ச்சியைக் காட்டியமையை எங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதமொன்றில் விதந்து கூறினார். அத்தகைய முரண்பாடொன்று ‘துன்பக்கேணி’யிலும் உண்டு. தோட்டத்து உழைப்புச் சுரண்டலையும் பெண்தொழிலாளர் மீதான பாலியற் கொடுமையையும் அக்காலத் தமிழ்ப் புனைகதையாளர் பலர் ஏறெடுத்தும் பாராதிருக்கையில் துணிந்து எழுதிய அதே கை, சாதி பற்றிய தன் வர்க்கத்தின் ஏளனத்தையும் உடன் எழுதிற்று. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கன்றி வேறெதற்கு இலக்கிய வகுப்பு? சாதிப்பெயர் இடம்பெறுவதே குற்றமெனில், 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலையும் நாம் கற்பிக்க இயலாது. ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நின்று எழுதப்பட்ட அந்நாவலை, பெயர்ப்பட்டியலை மட்டும் நோக்கும் ஒரு குழு புதுமைப்பித்தனிலிருந்து வேறுபடுத்திக் காணுமென்பதற்கு எவ்வித உறுதியுமில்லை.

நமது கருத்தை மாற்றியவை டில்லிப் பல்கலைக்கழக நிகழ்வுகள். கம்பனையும் உள்ளிட்ட பல்வேறு இராமாயண மரபுகளை ஒப்பிட்டு ஏ. கே. இராமானுஜன் எழுதிய ஆய்வுக்கட்டுரையை, நால்வர் கொண்ட நிபுணர் குழுவில் மூவர் ஏற்புடையதெனக் கருதியிருந்தும், அங்குள்ள கல்விச்சபை 2011 ஒக்ரோபரில் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அது இந்துத்துவச் சக்திகளின் நெருக்குதல் என்பது வெளிப்படை. 2021 ஓகஸ்டிலோ, அதே பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும், அதனுடன் பாமா, சுகிர்தராணி ஆகிய இரு தமிழ்த் தலித் பெண்களின் ஆக்கங்களும் மேற்பார்வைக் குழுவொன்றினால் அகற்றப்பட்டன. கல்விச்சபையினர் பதினைவர் மறுப்புக் குறிப்பினைச் சமர்ப்பித்தும் பயனில்லை. தலித் மக்களின் மனம் புண்படுமென்று கூறி ஒரு நகரில் ஒரு கதை விலக்கப்பட்டது. ஏழாண்டுகளின் பின் பிறிதொரு நகரில் தலித் பெண்களின் குரலே விலக்கப்பட்டது. காரணங்கள் எதிரெதிரானவை, கையாளப்பட்ட கருவி ஒன்றே. அக்கருவி எவர் கையிலுள்ளதோ அவர்க்கே அது பணிசெய்யும். ஒடுக்கப்பட்டோர் அதனை நெடுங்காலம் தம் கையில் வைத்திருந்ததாக வரலாறில்லை.

பாடத்திட்டம் என்பது தெரிவுதானே, ஒன்றைச் சேர்ப்பதும் விடுவதும் வழமைதானே என்று கேட்கப்படலாம். கற்பிப்போர் தமக்குள் விவாதித்து ஒரு கதைக்குப் பதிலாக மற்றொன்றைத் தெரிவது வழமைதான். முறைப்பாடு வந்தது, ஆகவே அகற்றினோம் என்பது நிருவாகம். (நமது பல்கலைக்கழகங்களிலும் சில நூல்கள் எவரும் தடைசெய்யாமலே கற்பிக்கப்படாது போவதுண்டு, அது பற்றித் தனியே எழுதவேண்டும்.) மார்க்ஸ் தமது பத்திரிகை எழுத்தை 1842இல் பிரஷ்யத் தணிக்கையை எதிர்த்தே ஆரம்பித்தார் என்பதை, தணிக்கைக்கு முற்போக்கு விளக்கம் தேடும் நம்மவர்கள் மறந்துவிடலாகாது.

சில காலத்துக்கு முன்னர் ‘துன்பக்கேணி’யை வகுப்பில் எடுத்துக்கொண்டோம். தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர், “எங்கள் பாட்டி இதை வாசித்திருந்தால், இது தம்முடைய தோட்டம் என்று அடையாளம் கண்டிருப்பாரா?” என வினவினார். நம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. அடுத்த வகுப்புக்குச் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களையும் எடுத்துவந்து, இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கத் தொடங்கினோம்.