பந்துக்கு இரண்டு நாள், பாட்டுக்கு இரண்டு நாள்

1994 ஜூன் 29. வாஷிங்டன் ஆர்.எஃப்.கே. ஸ்டேடியத்தில் பெல்ஜியத்துக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடம். சவூதி அரேபியாவின் சயீத் அல்-ஒவைரான் தன் அணியின் பாதியிலேயே பந்தை வாங்கினார். நடுக்கோட்டைத் தாண்டி, வழிமறித்த பெல்ஜிய வீரர்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு, பந்தை வலைக்குள் தள்ளினார். அந்த ஒரு கோலில் சவூதி அடுத்த சுற்றுக்குப் போனது. உலகக் கோப்பையின் தலைசிறந்த கோல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

அதே ஆண்டு, அதே நகரத்தில், எந்தக் கேமராவும் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளி மைதானத்தில் இன்னொரு கால்பந்துக் கதை தொடங்கியது. ஆடம்ஸ் மார்கன் பகுதியில் உள்ள மேரி ரீட் தொடக்கப் பள்ளியின் ஆசிரியை ஜூலி கென்னடி, மாலை மணி அடித்த பிறகு போக்கிடம் இல்லாமல் நிற்கும் தன் மாணவிகளைக் கவனித்தார். ஒரு பந்தைக் கொடுத்து அவர்களை ஆட வைத்தார். மழை கொட்டிய நாளில் ஆட்டம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பாமல், எல்லோரையும் வகுப்பறைக்குள் அழைத்துப் போய்க் கவிதை எழுதச் சொன்னார். எழுதியதை ஒருவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டினார்கள். மழை விட்ட பிறகும் அந்த வழக்கம் நின்றுபோகவில்லை. பையன்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அடுத்தடுத்த பள்ளிகள் சேர்ந்தன. டிசி ஸ்கோர்ஸ் என்ற திட்டம் இப்படித்தான் பிறந்தது. சில ஆண்டுகளில் அது அமெரிக்கா ஸ்கோர்ஸ் என்ற பெயரில் பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, கிளீவ்லாந்து, மில்வாக்கி, சியாட்டில், சான் ஃபிரான்சிஸ்கோ என்று பரவியது.

இந்தத் திட்டம் ஆடம்ஸ் மார்கன் வட்டாரத்தில் முளைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆடம்ஸ் மார்கன் என்ற ஊர்ப்பெயரே இரண்டு பள்ளிகளின் பெயர். ஆடம்ஸ் பள்ளியில் வெள்ளைக் குழந்தைகள் மட்டும் படித்தார்கள். மார்கன் பள்ளியில் கறுப்பினக் குழந்தைகள் மட்டும். 1954-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்த பிறகு, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி வேலை செய்யத் தொடங்கின. அப்போது அந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சூட்டிக்கொண்டன. பின்னாளில் எல் சால்வடாரிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். வீட்டில் ஸ்பானிஷ், வகுப்பில் ஆங்கிலம் என்று இரண்டுக்கும் நடுவில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகள் அங்கே நிறைய. பந்தை உதைக்க எந்த மொழியும் தேவையில்லை. அடுத்த நாள் உட்கார்ந்து எழுத மொழி வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அணிக்குள் கொண்டுவந்ததுதான் கென்னடி செய்த பெரிய காரியம்.

வாராந்திர அட்டவணை எளிமையானது. இரண்டு நாள் கால்பந்துப் பயிற்சி, இரண்டு நாள் எழுத்து, ஒரு நாள் மேட்ச். ஒவ்வொரு பள்ளி அணிக்கும் இரண்டு கோச்: ஒருவர் ஆட்டத்துக்கு, ஒருவர் எழுத்துக்கு. பெரும்பாலும் அதே பள்ளியின் ஆசிரியர்கள். அதற்குச் சம்பளம் உண்டு. பிள்ளைகளிடம் ஒரு காசு வாங்குவதில்லை. மேட்ச் என்றால் ஒப்புக்கு உதைத்துவிட்டு வருவது அல்ல. ஜெர்சி உண்டு, எதிரணி உண்டு, பஸ் ஏறி அடுத்த பள்ளிக்குப் போய் ஆடுவது உண்டு. இலையுதிர் காலத்தில் கவிதை. வசந்தத்தில், தங்கள் தெருவிலோ பள்ளியிலோ உள்ள ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து, விசாரித்து, எழுதி, அதைச் சரிசெய்ய ஏதாவது செய்து காட்ட வேண்டும்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் ஒரே விளக்கத்தைத்தான் சொல்கிறார்கள்: பிள்ளைகள் எழுத வரமாட்டார்கள், பந்தைக் காட்டினால் வருவார்கள், ஆகவே கால்பந்து தூண்டில், கவிதை மருந்து. இதை நான் ஏற்கவில்லை. தூண்டில் என்றால் மீன் மாட்டிய பிறகு அதற்கு வேலை இல்லை. இங்கே ஆட்டம் கடைசிவரை ஆட்டமாகவே இருக்கிறது, எழுத்தும் கடைசிவரை எழுத்தாகவே இருக்கிறது. இரண்டையும் கட்டிவைப்பது அணி.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை மைதானத்தில் அவள் தற்காப்பு வரிசையில் நிற்கிறாள். பந்து வந்ததும் பதறி, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைக்கிறாள். எட்டு வயதில் எல்லோரும் அப்படித்தான். இந்த வயதுக் கால்பந்தில் பத்துப் பேரும் பந்தைச் சுற்றி ஒரே கூட்டமாக ஓடுவார்கள். கோச்சின் முதல் வேலை அந்தக் கூட்டத்தைப் பிரிப்பது. பந்து உன் காலில் இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எப்போது குரல் கொடுக்க வேண்டும் என்று பழக்குவது. ஒருத்தி பந்தைக் காலடியில் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, ஆள் இருக்கும் இடம் பார்த்து பாஸ் கொடுத்துவிட்டால் அன்றைய பயிற்சி பலித்தது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை அதே பத்துப் பேர் வகுப்பறையில். எழுத்துக் கோச் ஒரு தலைப்பைக் கொடுக்கிறார்: உன் வீட்டுச் சமையலறையின் வாசனை, உன் பெயர், நீ பயந்த நாள். முதல் பிரதியில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அம்மா நல்லவள், வானம் நீலம். இங்கேயும் ஒரே கூட்டம்தான். கோச் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா என்ன செய்தாள், எந்தக் கையால், அப்போது ரேடியோ பாடிக்கொண்டிருந்ததா என்று கேட்கக் கேட்க, இரண்டாவது பிரதியில் அந்த வீடு மட்டும் தெரியத் தொடங்கும். பிறகு அவள் எழுந்து வாசிக்கிறாள். கேட்கிறவர்கள் யார்? நேற்று அவளிடம் பந்தைக் கேட்டுக் கத்தியவர்கள், நாளை மறுநாள் அவளோடு பஸ்ஸில் போகிறவர்கள். முன்பின் தெரியாத வகுப்பில் வாசிக்கும்போது தொண்டையை அடைக்கும் பயம் இங்கே பாதியாகிவிடுகிறது. மைதானத்தில் கடைசியாக ஓடி வருகிறவள் வகுப்பறையில் முதலில் கைதட்டு வாங்கலாம். அது நடந்த பிறகு அவளுக்குப் பந்து வருவதும் கூடும். எட்டு வயதில் தனக்குப் பிடித்தவருக்குத்தான் யாரும் பாஸ் கொடுப்பார்கள்.

ஆண்டின் பெரிய ஆட்டம் மைதானத்தில் நடப்பதில்லை, மேடையில் நடக்கிறது. ஸ்லாம் என்று அதற்குப் பெயர். 1980-களின் நடுவில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்ற கவிஞர் தொடங்கிய வடிவம் அது. 1986 முதல் கிரீன் மில் என்ற மது அரங்கில் வாரந்தோறும் நடந்து நாடு முழுக்கப் பரவியது. நம் கவியரங்கம் போலத்தான், ஆனால் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், கூட்டம் ஆரவாரம் செய்யும். டிசி ஸ்கோர்ஸ் அதைப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியாக மாற்றியது. ஒவ்வொரு பள்ளி அணியும் தன் கவிதைகளோடு மேடை ஏறுகிறது. எதிரே பெற்றோர், ஆசிரியர்கள், மைதானத்தில் தங்களைத் தோற்கடித்த பள்ளிகளின் அணிகள்.

கவிதைக்குப் போட்டியா, கோப்பையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிள்ளைகளின் கவிதைக்கு மார்க் போடுவது கொடுமை என்பது அவர்கள் வாதம். நான் மறுபக்கம் நிற்கிறேன். மேட்சுக்கு ஸ்கோர் எழுதிவிட்டுக் கவிதைக்கு மட்டும் எல்லோருக்கும் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தால், எது நிஜம், எது ஒப்புக்கு என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும். தோற்கக்கூடிய மேடை என்பதால்தான் அவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள்.

ஆனால் ஸ்லாமில் ஓர் ஆபத்து உண்டு. கத்தினால் கைதட்டு வரும். சத்தத்தை உயர்த்தி, கையை வீசி, கடைசி அடியை முழக்கமாக முடித்தால் கூட்டம் எழுந்து நிற்கும். வரி சாதாரணமாக இருந்தாலும் நிற்கும். நல்ல கோச்சின் கைவண்ணம் இங்கே தெரியும். குழு வாசிப்பில் ஒருத்தி ஒரு வரியைச் சொல்லி முடிக்கும் இடத்தில் அடுத்தவள் மூச்செடுத்துத் தயாராக நிற்க வேண்டும். முந்தினால் வரி சிதையும், பிந்தினால் ஓட்டை விழும். மெதுவாகச் சொல்ல வேண்டிய அடியை மெதுவாகச் சொல்லும் துணிச்சல், கத்துவதைவிடப் பெரிய துணிச்சல். ஆட்டத்தின் வேகத்தைத் தணிக்கத் தெரிந்த நடுகள வீரருக்கு என்ன மதிப்போ, அந்தச் சிறுமிக்கும் அதே மதிப்பைக் கொடுக்க நடுவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

கால்பந்தையும் கவிதையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் பெரியவர்களிலும் இருந்திருக்கிறார்கள். 1970 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசில் இத்தாலியை 4-1 என்று வீழ்த்திய பிறகு, கவிஞரும் திரைப்பட இயக்குநருமான பசோலினி 1971 ஜனவரியில் ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பிய ஆட்டம் உரைநடை, பிரேசிலின் டிரிபிளும் கோலும் கவிதை என்பது அதன் சாரம். அழகான எண்ணம். ஆனால் அது மேதைகளைப் பற்றியது. வாஷிங்டன் பிள்ளைகளில் பெலே யாரும் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த இலவசத் திட்டத்தின் அருமை புரிய வேண்டுமானால் அமெரிக்கக் கால்பந்தின் நடப்பு தெரிய வேண்டும். பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் தெருவில் விளையும் ஆட்டம், அமெரிக்காவில் வசதியான புறநகர்க் குடும்பங்களின் ஆட்டமாக வளர்ந்தது. கிளப்பில் சேர்த்து, கோச்சுக்குக் கொடுத்து, வெளியூர்ப் போட்டிகளுக்குக் காரில் அழைத்துப் போய் வர ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். காசு கட்டினால்தான் ஆட்டம். நகரத்துக்குள் இருக்கும் ஏழைப் பிள்ளைக்கு, அதுவும் பெண் பிள்ளைக்கு, வாசல் கிட்டத்தட்ட மூடியே இருந்தது. பெண்கள் அணி 1991-ல் உலகக் கோப்பையை வென்ற நாடு அது. அந்த வெற்றியின் வெளிச்சம் மேரி ரீட் பள்ளியின் மாலை நேரத்துக்கு வந்து சேர ஓர் ஆசிரியை தேவைப்பட்டார்.

பலன் கிடைத்ததா? உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவது எளிது; அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அமெரிக்கா ஸ்கோர்ஸை வைத்து ஆறு பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. சில பள்ளிகளில் திட்டத்தை உடனே தொடங்கினார்கள், மற்றவற்றில் பிற்பாடு. 2013-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழந்தை மருத்துவ இதழில் முடிவு வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் உடல் உழைப்பிலோ எடையிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதைக் கேட்டதும் திட்டம் தோற்றது என்று எழுதிவிட முடியும். அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: எடை கூடிய பிள்ளைகள் மட்டும் பள்ளி விட்ட பிறகு கொஞ்சம் அதிகமாகவும், சனிக்கிழமைகளில் 18 நிமிடத்துக்கு மேல் அதிகமாகவும் சுறுசுறுப்பாக ஓடி ஆடினார்கள்.

எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் முக்கியம். பொதுவாக எடை கூடிய பிள்ளைதான் அணி பிரிக்கும்போது கடைசியில் எடுக்கப்படுகிறது, முதலில் விலகிப் போகிறது. அந்தப் பிள்ளை விடுமுறை நாளில் கூடுதலாக ஓடியிருக்கிறது என்றால் ஆட்டத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதில் கவிதைக்குப் பங்கு உண்டா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. அது அளந்தது உடம்பை மட்டும். உண்டு என்பது என் கணிப்பு. அதைச் சோதிப்பது கடினமும் அல்ல. கால்பந்து மட்டும் உள்ள பள்ளிகள், இரண்டும் உள்ள பள்ளிகள் என்று பிரித்து, இரண்டு ஆண்டு கழித்து யார் இன்னும் அணியில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். பேசும் ஆங்கிலம், எழுதும் ஆங்கிலம் இரண்டையும் கூடவே அளக்கலாம்.

இந்தத் திட்டத்தை வேறு நகரங்களில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கைவைக்கப் பார்ப்பது எழுத்துக் கோச்சின் சம்பளத்தில்தான். பந்து வாங்க ஸ்பான்சர் கிடைப்பார், பேப்பரில் படம் வரும். வாரத்துக்கு இரண்டு மாலை வகுப்பறையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் இரண்டாவது பிரதியைக் கேட்டு வாங்கும் ஆசிரியரைப் படம் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். காசு குறைந்தால் அந்த நாட்களை ஒரு நாளாக்குவார்கள், பிறகு மேட்சுக்கு முந்தைய பயிற்சிக்காக அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு எஞ்சுவது இன்னொரு கால்பந்து முகாம், அது ஏற்கெனவே ஊருக்கு நூறு இருக்கிறது.

வாஷிங்டனின் பருவமே இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதோடு மாலை ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும். மின்விளக்கு இல்லாத பள்ளி மைதானத்தில் அதற்கு மேல் ஆட முடியாது. லீக் முடிந்து வெளியே குளிர் ஏறும் அந்த வாரங்களில்தான் பிள்ளைகள் கவிதையைத் திருத்தி, மனப்பாடம் செய்து, ஸ்லாமுக்குத் தயாராகிறார்கள். சீசன் முடிந்துவிட்டது என்று அணி கலைவதில்லை. அப்போதுதான் மேடையில் யார் எந்த இடத்தில் நிற்பது, முதல் வரியை யார் எடுப்பது என்ற சண்டை தொடங்குகிறது.