ஸ்டீபன் கிங் புதினங்களில் அச்சத்தின் நிலைக்களன்

மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது தோன்றுதற்குரிய நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுத்தார். முதல் மூன்றும் புறத்திருந்து வருவன. நான்காவதோ, நம்மைக் காத்தற்குரியவரிடத்தே பிறப்பது. இறை என்பதனுள் அரசனையேயன்றித் தந்தையரையும் ஆசிரியரையும் பேராசிரியர் அடக்குவர். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கை உலகம் பேய்க்கதை ஆசிரியராகவே, அஃதாவது அணங்கின் வழி அச்சம் விளைப்பவராகவே அறியும். அவர்தம் சிறந்த புதினங்களில் அச்சத்தின் மெய்யான நிலைக்களன் அணங்கன்று, இறையே என்பதனைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிங் 1947ஆம் ஆண்டு மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதாகியபோது வீட்டை விட்டு நீங்கிய தந்தை மீண்டும் வரவேயில்லை. தாயே பல தொழில் செய்து இரு மைந்தரையும் வளர்த்தார். 1970இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கிங், அடுத்த ஆண்டு பள்ளி ஆசிரியரானார். அவர் பயனில்லையெனக் குப்பைக் கூடையில் எறிந்த 'கேரி'யின் தொடக்கத் தாள்களை மனைவி தபிதா எடுத்துப் படித்து, எழுதி முடிக்குமாறு தூண்டினார். 1974இல் அந்நூல் வெளிவந்தது. அதன் மலிவுப் பதிப்புரிமை மட்டும் 4,00,000 டாலருக்கு விலைபோயிற்று. அச்சேறிய நூலைக் காணுமுன்பே தாய் இறந்துபட்டார்.

இனிப் புதினங்களை நோக்குவோம். 'கேரி'யில் பெற்ற தாயே மகளைக் கத்தியாற் குத்துகின்றாள். 'தி ஷைனிங்' (1977) புதினத்தில், குடிவெறியில் மகன் கையை முறித்த தந்தை, பனி சூழ்ந்த விடுதியொன்றில் மனைவி மக்களைக் கொல்ல முற்படுகின்றான். அவ்விடுதியிற் பேய்கள் உளவே எனின், உள. ஆயினும் அவை அவனுள் முன்னரே இருந்த புண்ணைக் கிளறுகின்றனவேயன்றிப் புதிதாய் ஒன்றும் படைக்கவில்லை. 'கூஜோ'வில் (1981) அச்சந் தருவது விலங்கே. ஆனால் அது காட்டு விலங்கன்று. குழந்தையொடு விளையாடிய வீட்டு நாய். 'பெட் செமட்டரி'யில் (1983) தந்தையின் பேரன்பே இறந்த மகனைத் தீயதோர் உருவாக மீட்டுக் கொணர்கின்றது.

கிங் நெடுங்காலம் குடிக்கு அடிமையாயிருந்தவர். 'தி ஷைனிங்' எழுதியபோது தம்மைப் பற்றியே எழுதுவதனைத் தாம் உணரவில்லை என 'ஆன் ரைட்டிங்' (2000) நூலில் அவரே கூறுகின்றார். தந்தையாற் கைவிடப்பட்டவர், தாம் தந்தையானபோது தம்மையே அஞ்சினார் எனக் கொள்ளுதல் பொருந்தும். அவ்வச்சமே அவர் எழுத்துக்கு உயிர் தந்தது.

குறையும் உண்டு. 'டான்ஸ் மகாபர்' (1981) என்னும் திறனாய்வு நூலில் அவர் அச்சத்தை மூன்று படிகளாக்கி, காணாததை எண்ணி நடுங்குதலை முதலிலும், கண்டு திடுக்கிடுதலை அடுத்தும், அருவருப்பை இறுதியிலும் வைப்பர். ஈற்றிலுள்ளது நம் இளிவரலோடு ஒருபுடை ஒத்தது. முதற்படி கைகூடாதவிடத்து மற்றவற்றைக் கையாளத் தயங்கேன் என்றும் ஒப்புகின்றார். அதன் விளைவை 'இட்' (1986) புதினத்திற் காணலாம். சிறுவரின் துயரைக் கண்டும் காணாதிருக்கும் பெரியோரைக் காட்டுமளவும் அச்சம் வளர்கின்றது. தீமை பெருஞ்சிலந்தியாய் உருக்கொண்டதும் தேய்ந்துவிடுகின்றது. இறையிடத்துப் பிறந்த அச்சம் விலங்கினிடத்துச் சென்று சுருங்கிற்று என்க.

2003இல் அமெரிக்காவின் தேசிய நூல் அறக்கட்டளை இவருக்குச் சிறப்புப் பதக்கம் வழங்கியபோது, திறனாய்வாளர் ஹெரால்டு புளூம் கடுமையாக மறுத்துரைத்தார். மிகுதியாக விற்பது இலக்கியமாகாது என விலக்குதலும், மிகுதியாக விற்பதனாலேயே போற்றுதலும் ஆராய்ச்சி நெறியாகா. மெய்ப்பாடு எங்ஙனம் பிறக்கின்றது, எவ்விடத்துப் பழுதுபடுகின்றது என வினவுதலே நெறி. அவ்வினாவுக்குக் கிங்கின் நல்ல நூல்கள் விடை தருகின்றன. காப்போரை அஞ்சி வாழ்தலினும் பெரிய அச்சம் குழந்தைக்கு இல்லை என்பதே அவ்விடை.