இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

“செல்ஃப் அடிக்கிறப்ப ஹெட்லைட்டப் போட்டுப் பாருங்கண்ணே. லைட் அப்படியே நிக்குதா, படுத்துடுதா?”

வண்டி கிளம்பவில்லை என்று வந்து நிற்பவரிடம் தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் இப்படித்தான் தொடங்குவார். அதற்குள் பானெட்டைத் திறந்திருக்க மாட்டார், மீட்டரையும் எடுத்திருக்க மாட்டார். பதில் வந்தவுடன் பாதித் தேடல் முடிந்துவிடும். லைட் படுத்துவிட்டால் செல்ஃப் மோட்டார் கரண்ட் இழுக்கிறது, பேட்டரியாலோ அதன் டெர்மினலாலோ ஈடுகொடுக்க முடியவில்லை. அல்லது மோட்டாரே இறுகிக் கிடக்கிறது. லைட் அசையாமல் நின்றால் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவே இல்லை. சாவி, ரிலே, சோலினாய்டு என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

இந்தக் கேள்வியின் அழகு எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. கடலூர் முதுநகரைத் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போகும் சாலையில் பஸ், லாரி, டிராக்டர், மீன் ஏற்றிய வேன் என்று எல்லாம் ஓடுகின்றன. அவற்றின் விளக்கையும் ஹாரனையும் செல்ஃபையும் உயிரோடு வைத்திருப்பவர்கள் ஒரு மர ஸ்டூலும் ஒரு டெஸ்ட் லேம்ப்புமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சிதம்பரத்தில் ஆடவல்லானின் திருமேனியை வியந்து பேச நூறு பேர் உண்டு. பன்னிரண்டு வோல்ட்டை ரசித்துப் பேச ஆள் குறைவு. அது ரசிக்கத் தகுந்த கலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. அதில் மாணவர்கள் அதிகம் பயப்படுவது எலக்ட்ரிகல் பகுதிக்குத்தான். பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், கியரின் பல்லை விரலால் தடவலாம். கரண்ட் எதையும் காட்டுவதில்லை. அதனால் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.6, லாரிக்கும் பஸ்ஸுக்கும் இரண்டு பேட்டரி தொடராக, 24 வோல்ட், ஆசிட்டின் அடர்த்தி எண் முழுச் சார்ஜில் 1.265-ஐ ஒட்டி, என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட். இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் இந்த எண்களை அடுக்கிக்கொண்டே போனால் கலை கண்ணில் படாது.

கலை தொடங்குமிடம் மீட்டரின் இரண்டு முனைகள். புதிதாகப் பழகுகிறவர் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையோடு வண்டி முழுக்க அலைவார். “லைன் வருதா, வரலையா” என்பது ஒன்றே அவர் கேள்வி. தேர்ந்தவருக்கு இரண்டு முனையும் கைதான், இரண்டும் நகரும். அவர் தனக்குள் கேட்டுக்கொள்வது வேறு: எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வித்தியாசம் இருக்க வேண்டும், எவற்றுக்கு நடுவே இருக்கவே கூடாது? வண்டியின் மின்சாரம் முழுவதும் எனக்கு இந்த ஒரே கேள்வியின் விரிவாகத்தான் தெரிகிறது.

டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கைப் பாருங்கள். சாவியைத் திருப்பினால் எரிகிறது, என்ஜின் ஓடியதும் அணைகிறது. அதை அணைக்க யாரும் சுவிட்ச் போடவில்லை. பழைய அமைப்பில் அந்த விளக்கின் ஒரு பக்கம் சாவி வழியாகப் பேட்டரியோடும், மறுபக்கம் ஆல்டர்னேட்டரோடும் சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டர் சும்மா நிற்கும்போது பேட்டரியின் கரண்ட் விளக்கின் வழியே ரோட்டார் காயிலுக்குள் போய் எர்த்தை அடைகிறது. விளக்கு எரிகிறது, ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான காந்தத்தையும் அதே கரண்ட்தான் தருகிறது. ரோட்டார் சுழன்று, ஆல்டர்னேட்டர் தானே 14 வோல்ட் கொடுக்கத் தொடங்கியதும் விளக்கின் இரண்டு பக்கமும் சமமாகிவிடுகின்றன. வித்தியாசம் போனது, கரண்ட்டும் நின்றது. அணைந்த அந்த விளக்கின் இரு பக்கமும் அப்போது 14 வோல்ட் இருக்கிறது என்பதை முதன்முதலில் புரிந்துகொண்ட மாணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதே நுட்பம் செல்ஃப் மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டிலும் இருக்கிறது. அதற்குள் இரண்டு காயில்கள். ஒன்று இழுக்கும், மற்றது பிடித்து வைக்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து இரும்புத் தண்டை இழுக்கின்றன. பினியன் முன்னே போய் ஃபிளைவீல் பல்லில் சேர, உள்ளே கனமான செம்புத் தகடு போய் ஒட்டுகிறது. பேட்டரியின் முழு பலமும் மோட்டாருக்குப் பாய்கிறது. அந்த நொடியிலேயே இழுக்கும் காயிலின் இரு முனைகளும் சமமாகி அது ஓய்ந்துவிடும். பிடிக்கும் காயில் மட்டும் வேலை செய்யும். இழுக்கப் பெரும் பலம் வேண்டும், பிடித்து வைக்கச் சிறு பலம் போதும் என்று கணக்குப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது.

இது தெரிந்தவருக்கு ‘டக டக டக’ என்ற சத்தத்தின் பொருளும் தெரியும். பேட்டரி இறங்கியிருந்தாலோ டெர்மினல் கெட்டிருந்தாலோ, தகடு ஒட்டியவுடன் வோல்ட்டேஜ் சரியும். பிடிக்கும் காயில் விட்டுவிடும், தண்டு பின்னே வரும். சுமை போனதும் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். ஒரே ஒரு ‘டக்’ என்றால் கதை வேறு: சோலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது, தகட்டிலோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலோ கோளாறு இருக்கலாம். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் விளிம்பில் கல்லால் தட்டிவிட்டுக் காது கொடுப்பது போல, இவர்கள் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுக் காது கொடுக்கிறார்கள்.

கடலூர் மாவட்டத்தில் இந்தக் கலைக்குக் கூடுதலாக ஒரு பாடம் உண்டு. உப்புக்காற்று. பேட்டரியிலிருந்து போகும் வழியை எல்லோரும் கவனிப்பார்கள்; கரண்ட் திரும்பி வரும் வழி எர்த், அது வண்டியின் உடம்பு. பாடியில் ஒரு போல்ட், அதன் அடியில் ஒரு லக், அதில் ஒரு கறுப்பு ஒயர். கடலோரத்தில் அந்த லக்கின் கீழே துருவும் பச்சைக் களிம்பும் மெல்ல வளர்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான். 2015 வெள்ளமும் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தண்ணீருக்குள் நின்ற வண்டியின் ஒயரில், இன்சுலேஷனுக்கு உள்ளேயே இழைகளின் இடுக்கு வழியாக ஈரம் ஏறிவிடும். வெளியே ஒயர் புதிது போல இருக்கும், மாதங்கள் கழித்து உள்ளே கறுத்துப் பொடியும். இந்த ஊர்களில் எர்த்தை மதிக்காதவர் தொழிலில் நிற்க முடியாது.

ஒரு கணக்கு. 60 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். எரியும்போது அதன் தடை 2.4 ஓம். எர்த்தில் களிம்பால் அரை ஓம் சேர்ந்தால் இரண்டு வோல்ட் அங்கேயே போய்விடும். பல்புக்கு 10 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும், வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். செல்ஃப் மோட்டாரில் இது இன்னும் கொடுமை. 150 ஆம்பியர் ஓடும் இடத்தில் நூற்றில் ஒரு பங்கு ஓம் இருந்தாலே ஒன்றரை வோல்ட் போச்சு. அந்த நூற்றில் ஒரு பங்கை மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்துக் காணவே முடியாது. மீட்டர் ஒயரின் தடையே அதைவிட அதிகம். அதனால் ஓம் பார்ப்பதை விட்டுவிட்டு, செல்ஃபை அடிக்கச் சொல்லி, பேட்டரி நெகட்டிவில் ஒரு முனையும் என்ஜின் உடம்பில் மறுமுனையும் வைத்து வோல்ட் பார்க்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே வரக்கூடாது, வந்தாலும் 0.2 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான். வேலை நடந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும் என்ற இந்த ஒன்றை, என்னைக் கேட்டால், முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கச் சொல்வேன்.

டெஸ்ட் லேம்ப்பை இன்னும் பெரியவர்கள் கைவிடாததற்கும் காரணம் இதுவே. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். கரண்ட்டையே எடுக்காமல் பார்க்கும் கருவி அது. உள்ளே களிம்பேறித் தடை கூடிய ஒயரிலும் மீட்டர் 12.6 என்று காட்டும். டெஸ்ட் லேம்ப் சுமை கேட்கும், மங்கும், உண்மை வெளியே வந்துவிடும். கம்ப்யூட்டர், சென்சார் ஒயர்களில் மட்டும் அதை வைத்துவிடக் கூடாது. அங்கே மீட்டர்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு டெயில் லேம்ப்பில் வருவது. பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மினுக்கும். லைட் சுவிட்ச் போடவே இல்லை. முதல்முறை பார்ப்பவர் பேய் பிடித்த வண்டி என்பார். பின்னால் இருப்பது 21/5 வாட் இரட்டை இழை பல்பு. பிரேக்குக்கு ஓர் இழை, பார்க் லைட்டுக்கு ஓர் இழை, இரண்டுக்கும் பொதுவாக ஒரே எர்த். அந்த எர்த் அறுந்தால் பிரேக் கரண்ட் போக வழியில்லை. 21 வாட் இழையைத் தாண்டி வந்தது 5 வாட் இழைக்குள் எதிர்த்திசையில் நுழைகிறது. பார்க் லைட் லைனில் ஏறி, நம்பர் பிளேட் விளக்கு, முன் பார்க் லைட், டேஷ்போர்டு விளக்கு என்று கிடைத்த வழியெல்லாம் புகுந்து, அவற்றின் நல்ல எர்த்தில் போய்ச் சேர்கிறது. முன்னே மினுக்கும் விளக்கைப் பார்த்ததும் பின்னே போய்க் குனிந்து கறுப்பு ஒயரைத் தொடுகிறவரிடம் இந்தத் தொழில் முழுதாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்முறையில் தேற 60 சதவீதம் வேண்டும், எழுத்துத் தாளுக்கு 33 போதும். இந்த விகிதம் மிகச் சரி. கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தமிழிலும் தருகிறது. 1986-ல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய நிறுவனம் அது. மாணவர்கள் உருப்போடும் ரிலே எண்களும் ஜெர்மனித் தரத்திலிருந்து வந்தவைதான்: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக, 15 சாவி வழியாக, 31 எர்த், 85-ம் 86-ம் ரிலே காயிலின் இரு முனைகள், 87 சுமைக்குப் போவது. செல்ஃப் சோலினாய்டுக்கு 50. திக்குத் தெரியாத ஒயர்க் கட்டில் இந்த எண்கள் போதும், ஊர்பேர் தெரியாத வண்டியையும் படித்துவிடலாம்.

“பேட்டரியைக் கழற்றும்போது எந்த டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும்?” என்பதும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. நெகட்டிவ். மாட்டும்போது அது கடைசி. வரிசையை மட்டும் படித்தவர் ஒருநாள் மாற்றிச் செய்துவிடுவார். பாஸிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டால், எர்த் இன்னும் சேர்ந்திருந்தால் பேட்டரி முழுவதும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. மறுபடியும் இரண்டு புள்ளிதான்.

புது வண்டிகள் வந்ததும் பழைய அறிவு செல்லாது என்று பலர் கைவிரிக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிமி தொடங்கிய அதே 1986-ல் பாஷ் நிறுவனம் கேன் என்ற இணைப்பு முறையை உலகுக்குக் காட்டியது. இன்றைய வண்டிகளில் என்ஜின், பிரேக், மீட்டர் பெட்டிகள் பேசிக்கொள்வது பெரும்பாலும் அந்த வழியில்தான். முறுக்கிய இரண்டு ஒயர்கள். ஓய்வில் இரண்டும் 2.5 வோல்ட்டில் நிற்கும், நடுவே வித்தியாசமில்லை. பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். பெட்டிகள் கவனிப்பது அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் கெடுவதில்லை. பேட்டரிப் படம் போட்ட சார்ஜ் விளக்கைப் புரிந்துகொண்ட மாணவருக்கு இதில் புதிதாக மிரள என்ன இருக்கிறது?

இதைச் சோதிக்க விலையுயர்ந்த ஸ்கேனர்கூட முதலில் தேவையில்லை. இணைப்பின் இரு கோடியிலும் தலா ஒரு 120 ஓம் தடை உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. 40 வந்தால் மூன்றாவதாக ஒரு தடை எங்கோ சேர்ந்திருக்கிறது. 40 என்று கண்டதும் பெட்டியை மாற்றச் சொல்லாமல், “இடையில எங்கியாவது வெளிய வேலை பாத்தீங்களாண்ணே, புதுசா எதாச்சும் மாட்டுனாங்களா?” என்று வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்கும் பையனுக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு போடலாம்.